டெமோ கிளாஸைப் பாதியில் நிறுத்திவிட்டார்கள், "சொல்லி அனுப்புகிறோம்" என்றார்கள்: இதை எப்படி எடுத்துக்கொள்வது?

வேதியியல்_டீச்சர்:

எல்லோருக்கும் வணக்கம். கோவைப் பக்கம் ஒரு சிபிஎஸ்இ பள்ளியில் பிஜிடி (முதுகலை ஆசிரியர்) வேதியியல் வேலைக்குப் போன வாரம் இன்டர்வியூ போய் வந்தேன். எம்.எஸ்சி., பி.எட். முடித்துவிட்டு இப்போது ஒரு மெட்ரிக் பள்ளியில் பதினொன்று, பன்னிரண்டு எடுக்கிறேன். அங்கே நடந்ததை அப்படியே எழுதுகிறேன். பேனலில் உட்கார்ந்து பழகியவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள்.

டெமோவுக்கு லீ சாட்லியர் கோட்பாடு கொடுத்தார்கள், வெப்பமோ அழுத்தமோ மாறினால் வேதிச் சமநிலை எந்தப் பக்கம் நகரும் என்று சொல்வது. பிள்ளைகள் யாரும் இல்லை. பிரின்சிபால், வேதியியல் சீனியர் மேடம், கணக்கு சார் ஒருவர், மூன்று பேரும் பெஞ்சில் உட்கார்ந்துகொண்டார்கள். நான் நைட்ரஜன் டை ஆக்ஸைடு வாயுவில் ஆரம்பித்தேன். மூடிய குழாயை வெந்நீரில் வைத்தால் பழுப்பு ஏன் அடர்த்தியாகிறது, ஐஸில் வைத்தால் ஏன் வெளுக்கிறது என்று கேள்வியாகவே கொண்டுபோனேன். போர்டில் சமன்பாட்டை எழுதி முடித்ததும் சீனியர் மேடம் குறுக்கே வந்து, "கன அளவை மாற்றாமல் ஆர்கானை உள்ளே விட்டால் என்ன ஆகும்?" என்றார். பகுதி அழுத்தங்கள் மாறாது, சமநிலை நகராது என்றேன். "சரி, அழுத்தத்தை மாறாமல் வைத்து விட்டால்?" கன அளவு கூடும், வாயு மோல்கள் அதிகமுள்ள பக்கம் நகரும் என்றேன். அதோடு பிரின்சிபால் "போதும்மா" என்று நிறுத்திவிட்டார். வினையூக்கி பற்றித் தயாரித்து வைத்திருந்த பகுதிக்கு நான் போகவே இல்லை.

அப்புறம் தாளாளர் அறை. எதிர்பார்க்கும் சம்பளம், அப்பா என்ன செய்கிறார், கல்யாணம் எப்போது, நீட் வகுப்பு எடுப்பீர்களா, எந்த ஸ்டாப்பிங்கில் பஸ் ஏறுவீர்கள். கடைசியில் "சொல்லி அனுப்புகிறோம்". முகத்தில் சிரிப்பும் இல்லை, கடுப்பும் இல்லை.

ஒரு வாரம் ஆகிவிட்டது, போன் இல்லை. இப்போதைய பள்ளியில் அடுத்த வருஷம் தொடர்கிறீர்களா என்று எழுதிக் கேட்கிறார்கள். என்ன பதில் சொல்வதென்று தெரியவில்லை.

ஈரோடு_இங்கிலீஷ்:

தோழி, "சொல்லி அனுப்புகிறோம்" என்பதை எல்லோரிடமும்தான் சொல்வார்கள். எடுக்கப்போகிறவரிடமும் அதே வார்த்தைதான். அதை வைத்து எதுவும் முடிவு கட்டாதீர்கள். ஆனால் பஸ் ஸ்டாப்பிங் கேட்டார்கள் பாருங்கள், அது நல்ல சகுனம். எடுக்காத ஆளுக்கு எதற்கு பஸ்?

தேனிக்காரன்:

இங்கே மாறுபடுகிறேன். பல பள்ளிகளில் விண்ணப்பப் படிவத்திலேயே பஸ் வசதி வேண்டுமா என்று ஒரு கட்டம் இருக்கும். படிவத்தைப் பார்த்துக்கொண்டே வாய்க்கு வந்ததைக் கேட்பார்கள். எதிர்பார்க்கும் சம்பளமும் அப்படித்தான். இந்த இரண்டையும் நம்பி நான் இரண்டு வருஷம் வெவ்வேறு பள்ளிகளின் அழைப்புக்குக் காத்திருந்திருக்கிறேன்.

ஓய்வுபெற்ற_வைஸ்பிரின்சிபால்:

வணக்கம் அம்மா. தனியார் பள்ளிகளில் வெகுகாலம் தேர்வுக் குழுவில் இருந்தவன் நான். கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் டெமோ. நிறுத்தினார்கள் என்பதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. நிறுத்துவதற்கு முன் என்ன நடந்தது என்று பாருங்கள். பிடிக்காத டெமோவில் குழுவினர் கேள்வி கேட்க மாட்டார்கள். விண்ணப்பத்தைப் புரட்டுவார்கள், போனைப் பார்ப்பார்கள், நேரம் முடிந்ததும் நன்றி சொல்லி அனுப்பிவிடுவார்கள். உங்களிடம் அந்தச் சீனியர் மேடம் ஆர்கான் கேள்வியை இரண்டு படியாகக் கேட்டிருக்கிறார். முதல் பாதிக்கு மனப்பாடமாகவே பதில் சொல்லிவிடலாம். இரண்டாவது பாதிக்கு விஷயம் புரிந்திருக்க வேண்டும். முதல் பதில் சரியில்லை என்றால் இரண்டாவது கேள்வி வந்தே இருக்காது. அது முடிந்த இடத்தில் "போதும்" என்றால், பாட அறிவு பற்றி அவருக்குத் தெரிய வேண்டியது தெரிந்துவிட்டது என்றுதான் நான் எடுத்துக்கொள்வேன். ஆனாலும் அது பாட அறிவுக்கு மட்டும்தான். வகுப்பைக் கட்டி மேய்ப்பீர்களா என்பது பிள்ளைகள் இல்லாத டெமோவில் யாருக்கும் தெரியாது.

அடுத்து, யார் எதைக் கேட்டார்கள் என்று பிரித்துப் பாருங்கள். தாளாளர் கேட்பதில் பாதி பழக்கத்தில் வருவது. பிரின்சிபாலோ துறைத் தலைவரோ கேட்பதுதான் வேலை சம்பந்தப்பட்டது. நான் யாரை மனதில் எடுத்துக்கொண்டேனோ அவரிடம் என் கேள்விகள் தானாகவே ஜூன் மாதத்துக்குப் போய்விடும். "உங்கள் பள்ளியில் வேலையை விட எத்தனை நாள் நோட்டீஸ்? ரிலீவிங் ஆர்டர் தருவார்களா? ப்ராக்டிகல் ரெகார்டை எப்படித் திருத்துவீர்கள்? பதினொன்றாம் வகுப்புக்குக் கிளாஸ் டீச்சராக இருக்க முடியுமா?" இதெல்லாம் எனக்கு நாளைக்கு டைம்டேபிள் போடத் தேவைப்படும் விவரங்கள். வேண்டாம் என்று நினைத்தவரிடம் இதைக் கேட்டு நேரத்தைச் செலவழிக்க மாட்டேன். அவரிடம் பெரும்பாலும் பொதுவாகத்தான் பேசுவேன். சிரித்துப் பேசுவேன், டீ கூடச் சொல்வேன்.

சிரித்த முகத்தை நம்பாதீர்கள் என்று சொல்வதற்காகத்தான் இதை எழுதினேன். என் அனுபவத்தில் மிக மரியாதையாகப் பேசி அனுப்பியவர்களில் பெரும்பாலானவர்களை எடுக்கவில்லை. எடுக்கப் போகிறவர்களிடம்தான் கறாராக இருப்போம். அடுத்த மார்ச் தேர்வின் ரிசல்ட்டுக்குப் பதில் சொல்லப்போவது அவர்தானே?

மூன்றாவது, இந்த ஒரு வார மௌனம். இதற்கும் உங்களுக்கும் சம்பந்தமே இல்லாமல் இருக்கலாம். பத்தாம் வகுப்பு ரிசல்ட் வந்து பதினொன்றில் அட்மிஷன் எத்தனை என்று தெரிந்தால்தான் உயிரியல் பிரிவு ஒன்றா இரண்டா என்று முடிவாகும். இரண்டாவது பிரிவு வந்தால்தான் இன்னொரு வேதியியல் டீச்சர் வேண்டும். அல்லது இப்போது இருக்கும் டீச்சர் போகிறேன் என்று வாயால் சொல்லியிருப்பார், கடிதம் கொடுத்திருக்க மாட்டார். அவர் எழுதித் தரும்வரை பள்ளி உங்களைக் கூப்பிடாது. மே மாதம் கடைசி வாரத்தில், ஏன், பள்ளி திறப்பதற்கு முந்தைய நாள்கூட நான் ஆட்களைக் கூப்பிட்டிருக்கிறேன்.

இரண்டு விஷயம் கேட்கிறேன். நோட்டீஸ் பற்றி யாராவது கேட்டார்களா? சீனியர் மேடம் தனியாக ஏதாவது பேசினாரா?

வேதியியல்_டீச்சர்:

சார், மிக்க நன்றி. நோட்டீஸ் பற்றிப் பிரின்சிபால் கேட்டார், ஏப்ரலோடு முடிந்துவிடும் என்றேன். நான் வெளியே வரும்போது சீனியர் மேடம் லேபைக் காட்டினார். உப்புப் பகுப்பாய்வுக்குப் பிள்ளைகளை எத்தனை பேட்ச்சாகப் பிரிப்பீர்கள் என்று கேட்டார். இருபது பேருக்கு மேல் ஒரே நேரத்தில் விட மாட்டேன், அமிலம் கையாளும் இடம் என்றேன். தலையை ஆட்டினார், வேறு ஒன்றும் சொல்லவில்லை.

ஈரோடு_இங்கிலீஷ்:

லேபைத் திறந்து காட்டினார்களா! இதை முதல் பதிவிலேயே எழுதியிருக்கக் கூடாதா தோழி. வந்தவர்கள் எல்லோருக்கும் லேபைத் திறந்து காட்டிக்கொண்டிருக்க யாருக்கு நேரம் இருக்கிறது?

கேவி_கணக்கு:

நான் கேந்திரிய வித்யாலயாவில் (மத்திய அரசுப் பள்ளி) இருக்கிறேன். இந்தக் கணக்கெல்லாம் தனியார் பள்ளிக்குத்தான் பொருந்தும் என்று புதியவர்களுக்காகச் சொல்லி வைக்கிறேன். 2022 அறிவிப்பில் எங்களுக்கு எழுத்துத் தேர்வுக்கு 70, டெமோவும் நேர்காணலும் சேர்த்து 30 என்ற விகிதத்தில் தரவரிசை போட்டார்கள். குழுவில் இருப்பவருக்கே நீங்கள் தேர்வாவீர்களா என்று அப்போது தெரியாது. வேறு நகரத்தில், வேறு குழு முன்னால் உட்கார்ந்தவரின் மதிப்பெண்ணும் சேர்ந்துதான் பட்டியல் வரும். என்னைக் கேள்வி கேட்டவர் ஒரு தடவைகூட நிமிர்ந்து பார்க்கவில்லை. வெளியே வந்து அழுதேன். பட்டியலில் பெயர் இருந்தது. அரசு வேலைக்கான நேர்காணலில் முகக்குறிப்பு தேடுவது வீண் வேலை.

தமிழ்நாட்டு முதுகலை ஆசிரியர் தேர்வுக்கு (பி.ஜி. டிஆர்பி) நேர்காணலே கிடையாது. எழுத்துத் தேர்வு, அப்புறம் சான்றிதழ் சரிபார்ப்பு, அவ்வளவுதான்.

சிறகு:

"கல்யாணம் எப்போது" என்ற கேள்வியை எல்லோரும் தாண்டிப் போய்விட்டீர்களே. அதுவும் ஒரு அறிகுறிதான், ஆனால் அது பள்ளியைப் பற்றிய அறிகுறி. ஆண் ஆசிரியரிடம் இதைக் கேட்பதில்லை. பிரசவ விடுப்பு கொடுக்க மனமில்லாத நிர்வாகங்கள்தான் இதைத் திரும்பத் திரும்பக் கேட்கும். மகப்பேறு நலச் சட்டத்தின் 2017 திருத்தத்துக்குப் பிறகு முதல் இரண்டு பிள்ளைகளுக்கு 26 வாரம் சம்பளத்தோடு விடுப்பு கொடுக்க வேண்டும். நான் வேலை செய்த ஒரு பள்ளியில் கர்ப்பமாக இருக்கும்போது ராஜினாமா எழுதித் தரச் சொன்னார்கள், "குழந்தை பிறந்த பிறகு திரும்ப எடுத்துக்கொள்கிறோம்" என்றார்கள். எடுக்கவில்லை. இன்டர்வியூவில் இந்தக் கேள்வியை அவர்கள் கேட்டபோதே எனக்கு உறுத்தியது.

நாம் தேர்வானோமா என்று மட்டுமே யோசிக்கிறோம். அங்கே போய் நாம் எப்படி இருப்போம் என்பதும் அதே அறையில்தான் தெரிகிறது.

ஓய்வுபெற்ற_வைஸ்பிரின்சிபால்:

சிறகு அம்மா சொல்வதை முழுதாக ஏற்கிறேன். எங்கள் குழுவில் அந்தக் கேள்வி வந்தபோதெல்லாம் நான் பேச்சை மாற்றியிருக்கிறேன். எல்லா நேரமும் முடியவில்லை.

திருச்சி_தமிழய்யா:

எனக்குப் பிள்ளைகள் முன்னால்தான் டெமோ. ஒன்பதாம் வகுப்பில் புறநானூற்றுப் பாடல் ஒன்று. பிரின்சிபால் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து நோட்டில் எழுதிக்கொண்டே இருந்தார், எனக்கு உள்ளூர உதறல். மணி அடித்ததும் பையன் ஒருவன் எழுந்து "சார், நாளைக்கு வருவீங்களா?" என்றான். பிரின்சிபால் அவனையும் பார்த்தார், என்னையும் பார்த்தார். அன்று மாலையே போன் வந்தது. பிள்ளைகள் இருக்கும் டெமோ என்றால் குழுவைப் பார்க்காதீர்கள், பிள்ளைகளைப் பாருங்கள். குழுவும் அவர்களைத்தான் பார்த்துக்கொண்டிருக்கும்.

இன்னொன்று. தமிழாசிரியர் இன்டர்வியூவில் சம்பளப் பேச்சை வைத்து எதையும் சொல்ல முடியாது. எடுக்கும் எண்ணம் இருந்தாலும் முதலில் குறைத்துத்தான் சொல்வார்கள். "அவ்வளவு எங்களால் முடியாது" என்பது பேரத்தின் ஆரம்பமாகவும் இருக்கலாம், முடிவாகவும் இருக்கலாம். அதற்கடுத்து "எவ்வளவு குறைத்துக்கொள்வீர்கள்" என்று கேட்டால் ஆரம்பம்.

புது_பி.எட்:

எனக்கு ஆசிரியர் தகுதித் தேர்வு இன்னும் ஆகவில்லை. இன்டர்வியூவில் "டெட் பாஸா?" என்று கேட்டு, இல்லை என்றதும் அடுத்த கேள்விக்குப் போய்விட்டார்கள். அங்கேயே முடிந்துவிட்டது என்று அர்த்தமா?

தேனிக்காரன்:

எந்த வகுப்புக்கு என்பதைப் பொறுத்தது தம்பி. ஒன்று முதல் எட்டு வரை எடுக்க டெட் வேண்டும். 2025 செப்டம்பர் 1 அன்று உச்ச நீதிமன்றம், ஓய்வுக்கு ஐந்து ஆண்டுக்கு மேல் இருக்கும் பணியில் உள்ள ஆசிரியர்களுக்கும் அது கட்டாயம் என்று சொன்ன பிறகு பள்ளிகள் முன்னைவிடக் கவனமாகத்தான் இருக்கின்றன. சிறுபான்மைப் பள்ளிகளின் விஷயத்தை மட்டும் பெரிய அமர்வுக்கு அனுப்பியிருக்கிறார்கள். டெட் சான்றிதழ் இப்போது ஆயுள் முழுக்கச் செல்லும், ஒரு தடவை எழுதி 150-க்கு 90 எடுத்துவிட்டால் (இட ஒதுக்கீட்டுப் பிரிவுகளுக்குச் சலுகை உண்டு) இந்தக் கேள்வியே உங்களை அசைக்காது. எழுதிவிடுங்கள்.

வேதியியல்_டீச்சர்:

எல்லோருக்கும் ஒரு செய்தி. இன்று காலை பள்ளி அலுவலகத்திலிருந்து போன் வந்தது, எடுத்துக்கொள்கிறார்களாம்! நான் கேட்டதைவிடச் சம்பளம் கொஞ்சம் குறைவுதான், ஆனால் இப்போது வாங்குவதைவிட நல்ல உயர்வு. பதினொன்றில் இரண்டு பிரிவு ஆகிவிட்டதாகப் பேச்சுவாக்கில் சொன்னார்கள். வைஸ்பிரின்சிபால் சார் சொன்னது அப்படியே நடந்திருக்கிறது.

ஒரு சந்தேகம். சேரும் நாளில் பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியல் முதல் பி.எட். பட்டம் வரை எல்லா ஒரிஜினலும் கொண்டுவந்து ஒப்படைக்கச் சொல்கிறார்கள். வருஷம் முடிந்தால்தான் திரும்பத் தருவார்களாம். கொடுக்கலாமா?

சிறகு:

வாழ்த்துகள் தோழி! ஒரிஜினலைக் கொடுக்காதீர்கள். அவர்கள் கண்ணால் பார்க்கட்டும், நகலில் கையெழுத்துப் போட்டு வைத்துக்கொள்ளட்டும். அதோடு கையில் வாங்கிக்கொண்டு வந்துவிடுங்கள்.

ஈரோடு_இங்கிலீஷ்:

சொல்வது சுலபம். எங்கள் ஊரில் பாதிப் பள்ளிகளில் ஒரிஜினல் இல்லாமல் வேலையே கிடையாது. என் அக்காவுக்கு அரசுப் பள்ளிச் சான்றிதழ் சரிபார்ப்புக்கு அழைப்பு வந்தபோது, அவர் வேலை செய்த பள்ளி சான்றிதழைத் தர இழுத்தடித்தது. மூன்று மாதச் சம்பளத்தைக் கட்டிவிட்டுத்தான் வாங்க முடிந்தது. அரசுத் தேர்வு எழுதும் எண்ணம் இருப்பவர்கள் இதை நன்றாக யோசிக்க வேண்டும்.

ஓய்வுபெற்ற_வைஸ்பிரின்சிபால்:

மனமார்ந்த வாழ்த்துகள் அம்மா. ஆர்கான் கேள்விக்குச் சொன்ன பதிலுக்கு இது தகும்.

ஒரிஜினல் விஷயத்தில் பள்ளிகள் பயப்படுவது நடு வருஷத்தில் டீச்சர் விட்டுவிட்டுப் போய்விடுவாரோ என்றுதான். பயம் நியாயமானது, வழி நியாயமானதில்லை. கல்விச் சான்றிதழ் விற்பனைப் பொருள் அல்ல, அதைப் பிடித்து வைத்துக்கொள்ளும் உரிமை கிடையாது என்று ஒரு மருத்துவர் தொடுத்த வழக்கில் சென்னை உயர் நீதிமன்றமே சொல்லியிருக்கிறது. ஆனால் சேரும் முன்பே சட்டம் பேசினால் வேலை போய்விடும், அதுவும் எனக்குத் தெரியும். ஆகவே பிரின்சிபாலிடம் நேரில் இப்படிக் கேளுங்கள்: "சார், பி.ஜி. டிஆர்பி அழைப்பு வந்தால் உடனே காட்ட வேண்டியிருக்கும். ஒரிஜினலைச் சரிபார்த்துவிட்டுத் தந்துவிடுங்கள். கல்வியாண்டு முடியும்வரை இருப்பேன் என்று எழுதித் தருகிறேன்." பல பிரின்சிபால்கள் இதற்கு ஒத்துக்கொள்வார்கள். ஒத்துக்கொள்ளவே மாட்டேன் என்றால் எதையெல்லாம் வாங்கிக்கொண்டோம் என்று பள்ளி முத்திரையோடு ஒப்புகைச் சீட்டாவது வாங்காமல் ஒரு தாளைக்கூடக் கொடுக்காதீர்கள்.

கேவி_கணக்கு:

அப்பாயின்ட்மென்ட் ஆர்டர் கைக்கு வரும் முன்னால் இப்போதைய பள்ளியில் ராஜினாமா கொடுக்காதீர்கள். போனில் சொன்னதை நம்பி இரண்டு வேலையையும் விட்டவர்களை எனக்குத் தெரியும். ஆர்டரில் அடிப்படைச் சம்பளம் எவ்வளவு, பி.எஃப். (வருங்கால வைப்பு நிதி) பிடித்தம் எவ்வளவு என்று தனித்தனியாக இருக்கிறதா பாருங்கள். உங்கள் பங்கு 12 சதவீதம், பள்ளியின் பங்கும் 12 சதவீதம். இரண்டையும் உங்கள் சம்பளத்திலேயே பிடிக்கும் இடங்கள் இருக்கின்றன. அப்புறம் மே மாதச் சம்பளம் உண்டா என்று கேளுங்கள். "பன்னிரண்டு மாதமும் உண்டு" என்று வாயால் சொன்னால் அதை எழுத்தில் கேளுங்கள்.

தேனிக்காரன்:

சிபிஎஸ்இ பள்ளி என்பதால் இன்னொரு வழியும் உண்டு. பள்ளியின் இணையதளத்தில் கட்டாயமாக வெளியிட வேண்டிய விவரங்கள் என்று ஒரு பக்கம் இருக்கும். பிஜிடி எத்தனை பேர், கடந்த மூன்று வருஷ ரிசல்ட் என்ன என்றெல்லாம் அதில் போட்டிருப்பார்கள். முடிந்தால் அங்கே வேலை செய்யும் ஒருவரைப் பிடித்து, உங்களுக்கு முன்னால் இருந்த வேதியியல் டீச்சர் ஏன் போனார் என்று விசாரியுங்கள்.

வேதியியல்_டீச்சர்:

விசாரித்துவிட்டேன் அண்ணா. முன்னால் இருந்தவர் யாரும் போகவில்லை, இது புதிய பணியிடம்தான். சீனியர் மேடம் அங்கேயே பல வருஷமாக இருக்கிறார். திங்கட்கிழமை பிரின்சிபாலைப் பார்க்க நேரம் கேட்டிருக்கிறேன். ஒரிஜினல் பேச்சை சார் சொன்ன மாதிரியே எடுக்கிறேன். ஆர்டர் வந்த பிறகுதான் இங்கே கடிதம் கொடுப்பேன்.

புது_பி.எட்:

வாழ்த்துகள் அக்கா. எனக்கு ஒரே ஒரு கேள்வி மிச்சம் இருக்கிறது. பதில் வராதபோது நாமே போன் செய்து கேட்கலாமா? கேட்டால் மதிப்புக் குறையுமா?

ஓய்வுபெற்ற_வைஸ்பிரின்சிபால்:

தாராளமாகக் கேட்கலாம் தம்பி, ஒரு வாரம் கழித்து, ஒரே ஒரு தடவை. தாளாளருக்குப் போன் செய்யாதீர்கள், அலுவலக எண்ணுக்குக் காலை பதினொரு மணிக்கு மேல் செய்யுங்கள். அதற்கு முன்னால் அவர்கள் கட்டணம் கட்ட வரும் பெற்றோரோடு மல்லுக்கட்டிக்கொண்டிருப்பார்கள். பெயர், பாடம், இன்டர்வியூ வந்த தேதி சொல்லி, "இப்போதைய பள்ளியில் தொடர்கிறேனா என்று கேட்கிறார்கள், அதனால் தெரிந்துகொள்ள விரும்பினேன்" என்று சொல்லுங்கள். அப்படிக் கேட்டவர் யாரையும் நாங்கள் குறைவாக நினைத்ததில்லை. இரண்டு பேரில் யாரை எடுப்பது என்று குழம்பிக்கொண்டிருந்தபோது அந்த ஒரு போன் வந்து, "இவரையே வரச் சொல்லுங்கள்" என்று நான் கையெழுத்துப் போட்டதும் உண்டு. "இன்னும் முடிவாகவில்லை" என்றால் காத்திருங்கள், வேறு பள்ளிகளுக்கும் போய்க்கொண்டே இருங்கள். "ரெஸ்யூமை மறுபடியும் அனுப்புங்கள்" என்றால் உங்கள் விண்ணப்பம் மேசையில் இல்லை என்று அர்த்தம், அந்த இடத்தை விட்டுவிடுங்கள்.